திருப்பி மாட்டிய அட்டைகள்

சென்ற வாரம் தஞ்சையில் ஒரு குருதி ஆய்வகத்தில் அமர்ந்திருந்தேன்.

குளிரூட்டிய கூடம். சுவரில் அகன்ற தொலைக்காட்சித் திரை. அதில் செய்தி ஓடவில்லை; தொடர் ஓடவில்லை. நாங்கள்தாம் ஓடிக்கொண்டிருந்தோம். பெயர், அகவை, எதற்கான ஆய்வு – மூன்றும் கொட்டை எழுத்தில், கீழிருந்து மேலாக, ஒருவர்பின் ஒருவராக.

என் பெயர் மெல்ல மேலேறி வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் முன்பின் அறியாதவர். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சாருக்கும் புராஸ்டேட்டா? எனக்கும் அதேதான்! ராத்திரி எத்தனை தரம் எந்திரிக்கிறீங்க?"

அவர் கேட்டதில் துளியும் தீங்கில்லை. வெளியூரில் சொந்த ஊர்க்காரரைக் கண்டுகொண்ட மகிழ்ச்சி அது. ஆனால் கூடமே என் விடைக்குக் காத்திருந்தது. முன்னாளில் என்னிடம் தமிழ் பயின்ற பெண்மணி ஒருவரும் எதிர்வரிசையில் இருந்தார். நான் என்ன செய்வது? எழுந்து நின்று எண்ணிக்கையை அறிவிப்பதா?

"திரை தவறாகக் காட்டுகிறது" என்றேன். எழுத்தாளனுக்கு அழகில்லாத பொய்தான். வேறு வழி தோன்றவில்லை.

முகப்பு மேசையில் இருந்த இளம்பெண்ணிடம் சென்று முறையிட்டேன்.

"அம்மா, பெயர் மட்டும் போதாதா? நோயையும் ஏன் திரையில் ஏற்றுகிறீர்கள்?"

"நோய் இல்ல சார், டெஸ்ட்தான்."

"டெஸ்டைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிறார்களே!"

"சிஸ்டம்ல அப்படித்தான் சார் வருது. ஒங்க டர்ன் வந்துருச்சுன்னு தெரியணும்ல?"

சிஸ்டம்... இந்தச் சொல் வந்துவிட்டால் அதற்குமேல் முறையீடு கிடையாது. திரும்பி வந்து அமர்ந்தேன்.

அப்பெண்ணின் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் பாதியளவு நீர். வாயிற்கதவு திறக்கும்போதெல்லாம் வெளிவெயில் அந்நீரில் பட்டு, மேற்கூரையில் ஓர் ஒளித்துண்டு நடுங்கியது. விரிந்தது... சுருங்கியது... மீண்டும் விரிந்தது. அதையே பார்த்திருந்தேன். திரை மங்கியது. பெயர்கள் மங்கின. கூடம் எங்கோ விலகிப் போயிற்று.

இப்படி ஒரு கூரையின்கீழ் நான் முன்பொருமுறை கிடந்திருக்கிறேன்.

கீழ்வேளூர்ப் பக்கம். ஊர்ப்பெயர் வேண்டா, ஏன் என்பது இறுதியில் விளங்கும். சிறிய மருத்துவமனை. மூன்று புறமும் வயல். ஆண்கள் பகுதியின் சாளரங்களைத் திறந்தால் வரப்பு கைக்கெட்டும் தொலைவில் தெரியும். ஆற்றில் நீர் வந்து, வாய்க்கால் நிறைந்து, வயலில் நீர் கட்டியிருந்த காலம். முற்பகல் வெயில் அவ்வளவு நீரிலும் பட்டு எழுந்து, சாளரத்தின் வழியே நுழைந்து, எங்கள் தலைக்குமேல் கூரை முழுதும் அலையலையாய் ஆடும். படுத்திருப்பவர்க்கு, தாம் ஒரு குளத்தின் அடியில் கிடந்து மேற்பரப்பைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

நான் அப்போது அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். இளைஞன். காய்ச்சல் என்று கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அந்த ஒளியைப் பார்த்துக்கொண்டே உறங்குவேன். உறக்கத்திலும் அதுவே ஆடும். விழித்தது எப்போது, கனவு கண்டது எப்போது என்று இன்றும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. நினைவில் உள்ள எல்லாமே சற்று ஈரமாக, சற்று அசைந்தபடிதான் இருக்கின்றன.

"தமிழய்யா, வாயத் திறங்க."

இது செவிலியர் அருள்மேரியின் குரல். நாகைப் பக்கத்துக்காரர், ஊரே அவரைச் சிஸ்டர் என்றழைக்கும்.

"வெப்பமானியா, அம்மையீர்?" என்று கேட்டிருக்கிறேன், காய்ச்சலிலும்.

"என்னமோ ஒரு மானி. இலக்கணம் அப்பறம். மொதல்ல வாயத் திறங்க."

காலம் எத்தகையது? ஆட்சி மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அலுவலகப் பலகைகளில் ஆங்கிலம் உதிர்ந்து தமிழ் தளிர்த்துக்கொண்டிருந்தது. மேடையெங்கும் தமிழ். மறுபுறம், வயலெங்கும் கொடி. கூலி, குத்தகை – இவ்விரு சொற்களும் காதில் விழாத நாளில்லை. அறுவடை நடக்கும் வயலோரம் காவல்துறை வண்டி நிற்பதைக் கண்டு நாங்கள் வியப்பதையே விட்டிருந்தோம்.

எங்கள் மருத்துவர் அந்தக் காலத்தின் பிள்ளை. சென்னையில் படித்து வந்த இளைஞர், தமிழ்ப் பற்றாளர். நோயாளியின் நோயும், அவருக்கான அறிவுரையும் எழுதிய அட்டை ஒன்று ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் தொங்கும் அல்லவா? அதுநாள்வரை அதில் இருந்தது ஆங்கிலக் கிறுக்கல். எழுதியவர்க்கும் மருந்தாளுநர்க்கும் மட்டுமே புலப்படும். இவர் வந்ததும் அவ்வளவையும் மாற்றினார். தெளிந்த தமிழில், அச்சுப்போன்ற கையெழுத்தில் தாமே எழுதி மாட்டினார்.

என் மகிழ்ச்சியை என்னென்பேன்! காய்ச்சலோடு எழுந்து சுவரைப் பற்றியபடி கட்டில் கட்டிலாகச் சென்று படித்தேன். 'மஞ்சட்காமாலை'. 'ஈளை நோய்'. 'குடலிறக்கம்'. ஒரு மொழி நோய்ப்படுக்கைவரை வந்து மக்கள் பக்கத்தில் அமர்ந்துவிட்டதே என்று நெஞ்சு விம்மியது.

அந்த விம்மல் எவ்வளவு நேரம் நீடித்தது? மாலையில் என் மாணவர் இருவர் சாத்துக்குடியோடு வரும்வரை.

"ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும்போதே அவர்கள் கண்கள் அட்டைக்குப் போய்விட்டன. முதல் வரி: குடற்காய்ச்சல். கௌரவமான நோய். எவர்க்கும் வரலாம். இரண்டாம் வரி: குடற்புழு.

ஒருவன் மற்றவனை முழங்கையால் இடித்தான். அவன் இருமினான். இருவரும் சாத்துக்குடியை வைத்துவிட்டு விரைந்தார்கள். தாழ்வாரத்தில் சிரிப்பு வெடித்தது எனக்குக் கேட்டது. பள்ளிக்குத் திரும்பிய பின் நெடுங்காலம், புழு என்ற சொல் வரும் பாட்டு எதையும் நான் வகுப்பில் நடத்தியதில்லை.

அடுத்த கட்டிலில் பக்கிரிசாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க தமிழய்யா. புழு இல்லாத வயிறு ஏது? எனக்கு என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க."

பக்கிரிசாமி குத்தகை உழவர். அண்டை ஊரில் ஒரு பண்ணையின் நிலத்தில் சில மா, அதாவது ஓரிரு ஏக்கர், பயிர்செய்து வந்தார். தந்தை காலத்திலிருந்து வாய்ச்சொல்லாகவே வந்த குத்தகை, எழுத்தில் ஏதுமில்லை. உருவம் நெடியது, குரல் தாழ்ந்தது. கூரை ஒளியைப் பார்த்தே வயலைச் சொல்லிவிடுவார். "தண்ணி கட்டிட்டான். நாளைக்கு நடவு" என்பார். ஒளி சற்றே கலங்கினால், "ஆளு எறங்கியாச்சு" என்பார். சொல்லும்போது அவர் கால்விரல்கள் போர்வைக்குள் அசையும், சேற்றை மிதிப்பதுபோல்.

நான் படித்துச் சொன்னேன். முதல் வரியில், 'இதயத் தடுக்கிதழ்ச் சுருக்கம்'. சொல்லழகில் சிறிது நேரம் நானே மயங்கி நின்றேன். பிறகு விளக்கினேன்: இதயத்துக்குள் கதவுகள் உண்டு, குருதி வரும்போது திறக்கும், போனதும் மூடும், அதில் ஒன்று சரியாகத் திறப்பதில்லை.

"மதகுப் பலகை பாதியில சிக்கிக்கிச்சு. அதானே?"

"அதேதான்."

"அடச்சே! ஆறு மாசமா என்னமோ ஏதோன்னு கெடந்தேன். எவனும் சொல்லல." அவர் முகத்தில் அச்சம் இல்லை, ஒருவகை அமைதி. தம் உடம்பைப் பற்றித் தமக்கே ஒருவர் சொன்ன அமைதி. "அதுக்குக் கீழ இன்னும் ஏதாச்சும் எழுதியிருக்கா?"

இரண்டாம் வரியில் சொல்லழகு ஏதுமில்லை. ஓரெழுத்தும் மயங்காமல் எவரும் படிக்கலாம்.

'கடும் உடலுழைப்பு ஆகாது.'

போர்வைக்குள் அவர் கால்விரல்களின் அசைவு நின்றது. கூரையில் ஒளி ஆடிக்கொண்டிருந்தது.

ஏன் என்பது எனக்கு மறுநாள்தான் விளங்கிற்று. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் வேலை அப்பகுதியில் நடந்துகொண்டிருந்தது. பதிவில் பெயர் ஏறிவிட்டால், நினைத்தபோது நிலத்தைவிட்டு இறக்க முடியாது. ஆனால் தன் உடம்பாலோ தன் குடும்பத்தார் உடம்பாலோ உழைத்துப் பயிர்செய்பவர்தாம் குத்தகைதாரர். நிலத்தை வேறு ஆளிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் அல்லர். பக்கிரிசாமி மருத்துவமனையில். நிலத்தில் நடவு. விசாரணை வரப்போகிறது. இந்த நிலையில்தான் அந்த அட்டை, வருவோர் போவோர் முகத்தைப் பார்த்தபடி, தமிழில் தொங்கிக்கொண்டிருந்தது.

பண்ணை ஏஜெண்டு வந்தார். கையில் பழப்பை.

"என்ன பக்கிரிசாமி, ஒடம்பு எப்புடி இருக்கு?"

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைப் பழத்தோடு பார்க்க வந்தவர்க்கு நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் மரியாதைக் குறைவு. 'பரவாயில்லை' என்று மட்டும் சொன்னால், 'நம்மை வேற்றாளாக நினைத்துவிட்டாரே' என்று வந்தவர் முகம் வாடும். அன்போடு கேட்கிறவரும் இருக்கிறார். வேறெதற்கோ கேட்கிறவரும் இருக்கிறார். இருவர் கையிலும் அதே சாத்துக்குடிதான். எப்படிப் பிரிப்பது?

பக்கிரிசாமி வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஏஜெண்டு கட்டிலின் கால்மாட்டிலேயே நின்று, பேருந்தின் ஊர்ப்பலகையைப் படிப்பதுபோல் உரக்கப் படித்தார்.

"இதயத் தடுக்... என்ன எழவோ. கடும் உடலுழைப்பு ஆகாது... ஆகாதா? அடடா!" உச்சுக்கொட்டினார். "அப்பறம் என்னாத்துக்கு அந்த நெலத்தைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற? விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாப் படு. ஐயாகிட்ட நான் சொல்லி ஏதாவது பாத்துச் செய்யச் சொல்றேன்."

அவர் போனபின், மூலையில் நின்றிருந்த பக்கிரிசாமியின் மனைவி அஞ்சம்மாள் அந்தப் பழப்பையைத் தொடவேயில்லை.

"பாத்தீங்களா? இத்தினி வருசத்துல 'டே பக்கிரி'ன்னுதான் கூப்புட்டிருக்காரு. இன்னிக்கு முழுப் பேரையும் சொல்லிக் கூப்புடுறாரு. இது நல்லதுக்கில்ல."

"சும்மா இரு புள்ள."

"நான் சும்மாதான் இருந்தேன். ஒங்க கட்டிலு சும்மா இருந்திச்சா?"

அஞ்சம்மாள் வயலிலிருந்து நேரே வந்திருந்தார். கணுக்காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. நடவை அவரும் அவர் தங்கைகளும் இறங்கி முடித்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தார் உழைப்பும் உழைப்பே என்று சட்டம் சொல்லத்தான் சொல்கிறது. ஆயினும் ஏஜெண்டு நல்ல பேச்சுக்காரர். "ஆள் முடியாதவர்; நிலம் வேறு கைக்குப் போய்விட்டது" என்று மருத்துவர் எழுத்தையும் காட்டி அவர் பேசினால்? கேட்கும் அலுவலர் நம்பிவிட்டால்? அஞ்சம்மாளின் அச்சம் அதுதான்.

அந்த எழுத்தைக் கேட்டு ஏஜெண்டு மீண்டும் வந்தார். இம்முறை பழம் இல்லை. மருத்துவர் கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்த வேளை.

"டாக்டர் ஐயா, ஒரு சின்ன ஒத்தாசை. இந்த அட்டையில இருக்கிறதையே ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. விசாரணையில காட்டணும். நான் ஒண்ணும் இல்லாததை எழுதச் சொல்லலீங்களே?"

மருத்துவர் சூதறியாதவர். "உள்ளதுதானே" என்று சட்டைப்பையிலிருந்து எழுதுகோலை எடுத்தேவிட்டார்.

"டாக்டர்" என்றார் அருள்மேரி. கையில் மருந்துத் தட்டு. "யாரைக் கேட்டு எழுதுறீங்க?"

"கேட்க என்ன சிஸ்டர்? அட்டையிலேயே இருக்கே. ஊரே படிக்குது."

"அதான் டாக்டர், தப்பு அங்க ஆரம்பிச்சிருச்சு."

மருத்துவர் முகம் சிவந்தது. தம் தமிழை யாரோ குறை சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். "என்ன தப்பு? இத்தனை காலம் இங்கிலீஷ்ல எழுதி, நோயாளிகிட்டருந்தே அவன் நோயை மறைச்சு வச்சோம். அவனுக்கு அவன் மொழியில தெரிய வேணாமா?"

"தெரியட்டும் டாக்டர். நல்லாத் தெரியட்டும். ஆனா அவரு என்ன, கால்மாட்டுல தலைவச்சா படுக்கிறாரு?"

எல்லார் கண்களும் கட்டிலின் கால்மாட்டுக்குப் போயின. உண்மைதான்! அட்டை நோயாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் வருவோர்க்கு முகத்தைக் காட்டிக்கொண்டும் அல்லவா தொங்கியது? பக்கிரிசாமி தம் நோயை அறிய என்னைக் கேட்க வேண்டியிருந்தது. ஏஜெண்டு எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அருள்மேரி தட்டைக் கீழே வைத்தார். பக்கிரிசாமியின் அட்டையைக் கழற்றி, அதே கம்பியின் உட்புறம், அவர் கண்ணுக்கு நேராகத் திருப்பி மாட்டினார். அடுத்து என்னுடையது. அடுத்து மஞ்சட்காமாலை. அப்படியே வரிசை முழுதும்.

"தமிழ்லயே இருக்கட்டும் டாக்டர். அவங்க பக்கம் பாத்து இருக்கட்டும்."

ஏஜெண்டு விடவில்லை. "என்ன சிஸ்டர் இது கூத்து? போன வாரம் நானே நின்னு படிச்சேன். இந்த வாரம் என்ன ரகசியம் வந்துச்சு?"

"போன வாரம் நாங்க தப்புப் பண்ணிட்டோம். அதுக்காக இந்த வாரமும் பண்ணணுமா? வேணும்னா அவர்கிட்டயே கேளுங்க. அவரு எழுதிக் குடுக்கச் சொன்னா டாக்டர் எழுதுவாரு."

எல்லாரும் பக்கிரிசாமியைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார். ஒளி அன்று மெலிந்திருந்தது. நட்ட நாற்று வேர்பிடித்து நிமிர்ந்து, நீரை மறைக்கத் தொடங்கியிருந்தது.

"வேணாங்க" என்றார்.

மருத்துவர் எழுதுகோலை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அன்று நான் படுத்தபடியே ஒன்றை எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலம் இருந்தவரை அந்தக் கட்டில்களின் கமுக்கம் காக்கப்பட்டது. எதனால்? யாரோ மதித்ததனால் அன்று. யார்க்கும் படிக்கத் தெரியாததனால். அறியாமையே அங்கே பூட்டாகத் தொங்கியது. தமிழ் வந்தது, பூட்டு கழன்றது. இனி மதிப்புத்தான் காவல் நிற்க வேண்டும். என் அருமைத் தமிழ்மேல் எனக்கு இம்மியும் ஐயம் எழவில்லை. அதை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பதில்தான் நாங்கள் சறுக்கினோம்.

விசாரணை வந்தபோது பக்கிரிசாமியும் நானும் வீடு திரும்பியிருந்தோம். ஊர்ச் சாவடியில் அலுவலர் அமர்ந்திருந்தார். துணைக்கு வருமாறு அஞ்சம்மாள் அழைத்ததால் நானும் போயிருந்தேன். காய்ச்சலின் மிச்சம் இன்னும் கண்ணில் இருந்தது. பகல் முழுதும் ஒரு மெல்லிய துணிக்கு அப்பால் நடப்பதுபோலவே தோன்றியது.

"சார், இவரு பெரிய சீக்காளி. பாடுபட முடியாது. ஆஸ்பத்திரி அட்டையில நானே என் கண்ணால படிச்சேன்" என்றார் ஏஜெண்டு.

"அட்டை எங்க?"

"...ஆஸ்பத்திரியிலதான் சார். குடுக்க மாட்டேங்குறாங்க."

"நீங்க படிச்சதை நான் பதிவு பண்ண முடியாது" என்ற அலுவலர், பக்கிரிசாமியிடம் திரும்பினார். "என்னய்யா ஒடம்புக்கு?"

கேட்டவர் நல்லவராகவே தெரிந்தார். குரலில் கனிவு இருந்தது. பக்கிரிசாமி கைகூப்பினார்.

"படுத்திருந்தேங்க. இப்ப வந்துட்டேங்க. நடவு முடிஞ்சிருக்கு, வந்து பாத்துட்டுப் போங்க."

ஏஜெண்டின் கண் மின்னியது. "பாத்துரலாம் சார்! பக்கிரிசாமியே முன்னால நடந்து காட்டட்டும்."

சாவடியிலிருந்து வயல் நெடுந்தொலைவு. விரைந்து நடந்தால் பாதி வழியிலேயே அவர்க்கு மூச்சு இரைக்கும். அட்டை சொல்லாததை அவர் மார்பே சொல்லிவிடும். அலுவலர் முன்னிலையில், ஊரார் முன்னிலையில். ஏஜெண்டு கேட்டதும் அதைத்தான்.

அஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"நட்டவ நானுங்க. நாந்தான் காட்டணும்."

சொல்லிவிட்டு வரப்பில் முதலில் ஏறிவிட்டார். அவர்பின் பக்கிரிசாமி. அவர்பின் அலுவலர். அவர்பின் ஏஜெண்டு. கடைசியில் நான்.

நம் பக்கத்து வரப்பை அறிந்தவர்க்கு இனி நான் விளக்க வேண்டியதில்லை. ஓராள் அகலம். இருபுறமும் சேறு. முன்னால் போகிறவரை முந்த வழியே கிடையாது. முதலில் நடப்பவர் எந்த நடையோ, அதுதான் எல்லார்க்கும் நடை.

அஞ்சம்மாள் நடந்தார்... அப்படி ஒரு நடையை நான் அதற்குமுன் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அம்மன் தேர் அசைவதுபோல். பத்தடி போவார், நிற்பார்.

"இந்த எடத்துல கரை ஒடைஞ்சிச்சுங்க. நானும் என் தங்கச்சியும் மண்ணு வெட்டிப் போட்டு அடைச்சோம். அந்தா, புது மண்ணு தெரியுது பாருங்க."

நடப்பார், நிற்பார்.

"இங்க எலி வெட்டியிருக்குங்க. நாத்து பத்தாம மறுபடி நட்டேன்."

ஏஜெண்டு பின்னாலிருந்து பொறுமை இழந்தார். "சீக்கிரம் நடம்மா! ஐயாவுக்கு ஆயிரம் வேலை!"

"வழுக்குதுங்க ஏஜெண்டையா. ஒங்களுக்கு வெள்ளை வேட்டி. விழுந்து வச்சிங்கன்னா நாந்தான தொவைக்கணும்?"

அலுவலர் சிரித்துவிட்டார். "மெதுவாவே போம்மா" என்றார்.

ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு சாட்சியம். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மூச்சு. முன்னே அவர் நின்று நின்று பேச, பின்னே அவர் கணவர் மார்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. இருபுறமும் இளம்பயிர். அதன் இடுக்குகளில் மிச்ச நீர், நீரில் வானம். ஐந்து பேரும் வானத்தின்மேல் ஒற்றை வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். நான் கடைசியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது எவ்வளவு இனிமையானது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

வயல் வந்தது. அலுவலர் பயிரைப் பார்த்தார். அஞ்சம்மாளின் கால்களைப் பார்த்தார். பக்கிரிசாமியை ஒருமுறை பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. வரப்பிலேயே நின்று எழுதினார்.

பக்கிரிசாமியின் பெயர் குத்தகைப் பதிவில் ஏறியது. அதன்பின் எத்தனையோ போகம் அந்த நிலத்தில் விளைந்தது.

"சார்... சார்! ஒங்க டர்ன்!"

ஆய்வகப் பெண் என்னை எழுப்பிக்கொண்டிருந்தார். குருதி கொடுத்துவிட்டு, போகுமுன் அவரிடம் இக்கதையைச் சுருக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாரா, பொறுத்துக்கொண்டாரா – உறுதியில்லை.

மறுநாள் முடிவு வாங்கப் போனேன். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. வலப்பக்கம், ஆய்வின் பெயர் வரும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை அகன்ற வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டப்பட்டிருந்தது!

"என்னம்மா, சிஸ்டம் மாறிவிட்டதா?"

"சிஸ்டத்தை மாத்தணும்னா மேனேஜரைக் கேக்கணும் சார். பிளாஸ்திரி ஒட்ட யாரையும் கேக்க வேணாம்."

இதை எழுதத் தொடங்குமுன் பக்கிரிசாமியின் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். வலங்கைமானில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தந்தை கதையை எழுதலாமா என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"தாராளமா எழுதுங்க தமிழய்யா. அம்மா நடந்ததை ஒண்ணு விடாம எழுதுங்க. ஆனா அப்பாவுக்கு என்னன்னு மட்டும் வேணாமே."

எனவே, அன்பர்களே, ஊரை மறைத்தேன், பெயர்களை மாற்றினேன். இதயத் தடுக்கிதழும் மதகுப் பலகையும் மூச்சு இரைப்பும் நான் கட்டியவை. அவர்க்கு இருந்தது வேறொரு நோய். எது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்டாலும் நான் சொல்லமாட்டேன்.

குடற்புழு மட்டும் உண்மை. அது என்னுடையது.